திங்கட்கிழமை எடை

நான் வேலை பார்த்த டிஸ்பென்ஸரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓர் எடை மேடை இருந்தது. பச்சைப் பெயின்ட் அடித்தது. ஏறி நின்றால் கிறீச்சென்று ஒரு சத்தம் போடும். கண்ணுக்கு நேரே இருக்கும் கம்பியில் குண்டை மெல்ல நகர்த்தி, முள் நடுவில் வந்து நிற்கும்வரை காத்திருந்து எடையைப் படிக்க வேண்டும். டெல்லியில் மத்திய சர்க்கார் குமாஸ்தாக்களும் ஆபீசர்களும் குடியிருந்த ஒரு காலனிக்கான டிஸ்பென்ஸரி அது. எழுபதுகளின் தொடக்கத்தில் மதுரையிலிருந்து போய் அங்கே நர்ஸாகச் சேர்ந்தேன். தென்னாட்டு நர்ஸ் என்றாலே கேரளம் என்று முடிவு கட்டிவிடுகிற ஊரில், இல்லை மதுரை, இல்லை மதுரை என்று பத்து வருஷம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ஆனால் அந்த எடை மேடை விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுத்தது கிடையாது. இதய நோயாளிகளையும் ரத்தக்கொதிப்புக்காரர்களையும் திங்கட்கிழமை காலையில் வரவழைத்து, வரிசையாக ஏற்றி நிறுத்தி, எடை எடுத்து நோட்டில் எழுதுவது நானே கொண்டுவந்த ஏற்பாடு. அந்த நோட்டைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமையில் ஒரு மனிதரைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். பாளையங்கோட்டைக்காரர். காலனியில் எல்லாரும் ‘எஸ்.ஓ. சாப்’ என்பார்கள், நான் ‘சார்’ என்பேன். பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போய்விட, முதல் மாடிக் குவார்ட்டர்ஸில் அவரும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். ஓய்வு பெற இன்னும் இரண்டரை வருஷம் இருந்தது. ஒழுங்கு என்றால் அப்படியோர் ஒழுங்கு. டிஸ்பென்ஸரி கார்டுக்குக்கூட காக்கி அட்டை போட்டு வைத்திருப்பார். மருந்துச் சீட்டை நான் மடித்துக் கொடுத்தால், அதைப் பிரித்து, நேராக மடித்து, பிறகுதான் பையில் வைப்பார். சாமி படத்துக்கு முன்னால் நிற்பதைப் போல எடை மேடையில் நிமிர்ந்து நிற்பார்.

எண்பதுகளின் நடுவில், ஆபீஸ்களுக்கு வாரம் ஐந்து நாள் வேலை என்று ஆன புதிதில், ஒரு குளிர்காலத்தில் இருமலோடு வந்தார். டெல்லிக் குளிரில் இருமாத தெற்கத்திக்காரன் உண்டா? நானே மூன்று வாரம் அவருக்கு இருமல் சிரப் ஊற்றிக் கொடுத்தேன். நாலாவது வாரம் எங்கள் டாக்டர் மேடம் லீவு முடிந்து வந்தார். பஞ்சாபி அம்மாள், கனத்த கண்ணாடி, அதைவிடக் கனத்த குரல். ஆனால் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் போகாது. வாசலிலிருந்து தன் மேஜை வரைக்கும் வருவதற்குள் எஸ்.ஓ. சார் இரண்டு தடவை நின்றதைப் பார்த்துவிட்டு, முதல் கேள்வியாக, “கித்னே தக்கியே?” என்றார். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று அர்த்தம். இருமலுக்கும் தலையணைக்கும் என்ன சம்பந்தம் என்று எஸ்.ஓ. சார் என்னைப் பார்த்தார். மூன்று, என்றார். போன தீபாவளிக்கு ஒன்றுதானாம்.

அதற்குப் பிறகு மேடம் செய்ததையெல்லாம் இன்றைக்கும் படிப்படியாகச் சொல்லுவேன். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி அவரைச் சாய்த்துப் படுக்கவைத்து, முகத்தைத் திருப்பச் சொல்லி, கழுத்து நரம்பை வெகுநேரம் பார்த்தார். அது காதுமடல் வரைக்கும் புடைத்துத் துடித்துக்கொண்டிருந்தது. முதுகில் கீழ்ப்பக்கம் குழலை வைத்துக் கேட்டுவிட்டு என்னையும் கேட்கச் சொன்னார். காதுக்குப் பக்கத்தில் தலைமுடியை விரல்களுக்கிடையே தேய்த்தால் ஒரு நொறுநொறுப்பு கேட்குமே, அந்தச் சத்தம். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது; மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும், அதற்குத்தான் மூன்று தலையணை. காலுறையைக் கழற்றி முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அமுக்கினார். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. எக்ஸ்ரே வந்தபோது இதயம் நெஞ்சுக்கூட்டில் பாதிக்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பல வருஷமாகப் பார்க்காமல் விட்ட ரத்தக்கொதிப்பு, அதைத் தள்ளித் தள்ளி ஓய்ந்துபோன இதயம். கண்ணும் காதும் கட்டைவிரலும் கொண்டு மேடம் முதல் நாளே சொன்னதை, பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் முடித்து இரண்டு வாரம் கழித்து எழுதி அனுப்பினார்கள்.

ஹார்ட் ஃபெயிலியர் என்று மேடம் சொன்னதும் எஸ்.ஓ. சார் முகத்தில் ஈயாடவில்லை. நம் ஜனங்கள் செத்துப்போனவர்களைப் பற்றித்தானே அந்த வார்த்தையைச் சொல்லுவார்கள். “அப்போ நான் எப்படி உக்காந்திருக்கேன் சிஸ்டர்?” என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். நான் அவரைத் தனியே உட்காரவைத்து, உங்கள் மாடிக்கு வெயில் காலத்தில் தண்ணீர் ஏறுகிறதா என்று கேட்டேன். ஏறாது, என்றார். பம்ப் நின்றா போய்விட்டது? ஓடுகிறது, ஆனால் வேகம் போதவில்லை. உங்கள் இதயமும் ஓடுகிறது, வேகம் போதாததால் தண்ணீர் நுரையீரலிலும் காலிலும் தேங்குகிறது, அவ்வளவுதான் என்றேன். அந்தக் காலனியில் இதைவிட நன்றாகப் புரியக்கூடிய பாஷை வேறு இல்லை. அவருக்கு உயிர் வந்தது.

இரண்டு மாத்திரை எழுதினார் மேடம். ஒன்று இதயத்துக்கு வலு கொடுக்கும் சின்ன மாத்திரை. அது உடம்பில் சேர்ந்து விஷமாகிவிடக் கூடாது என்பதற்காக வாரத்தில் ஐந்து நாள் கொடுத்து இரண்டு நாள் நிறுத்தும் பழக்கம் அப்போது இருந்தது. திங்கள் முதல் வெள்ளிவரை சாப்பிடுங்கள், சனி ஞாயிறு விட்டுவிடுங்கள் என்றார். இன்னொன்று, தேங்கிய நீரைச் சிறுநீராக இறக்கும் மாத்திரை. அது தினமும் காலையில். உப்பைக் குறைக்கச் சொன்னார். அப்பளமும் நார்த்தங்காய் ஊறுகாயும் உப்புக் கணக்கில் சேரும் என்று அவர் மனைவிக்கு நான் தமிழில் விளக்கினேன். வாரா வாரம் திங்கட்கிழமை எடை பார்க்க வர வேண்டும் என்பது என் சட்டம்.

திங்கட்கிழமை தவறாமல் வந்தார். ஆபீஸுக்கு முன்னால், குளித்து, விபூதி இட்டு, டையோடு வந்து மேடையில் ஏறி நிற்பார். முதல் வாரத்திலேயே நாலு கிலோ இறங்கியிருந்தது. “நேத்து மாத்திரை சாப்பிட்டீங்களா சார்?” என்று ஒவ்வொரு வாரமும் கேட்பேன். “சாப்பிட்டேன் சிஸ்டர்” என்பார். கால் வீக்கம் இருக்காது, மூச்சு சீராக இருக்கும். நோட்டில் எழுதி ஒரு டிக் போடுவேன். வாரக் கடைசியில் கொஞ்சம் அசதியாக இருக்கிறது, கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொள்கிறது என்று இரண்டொரு தடவை சொன்னார். மேடம் நீர் மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினார். பிறகும் அசதி தீரவில்லை என்றதும், இப்படியே போனால் வேலையை நிறுத்தச் சொல்லி எழுத வேண்டிவரும் என்றார். அதைக் கேட்டதிலிருந்து எஸ்.ஓ. சார் அசதியைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஓய்வு பெறும் நாள்வரை தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு ஆசை.

ஒரு வியாழக்கிழமை காலையில் அவர் மனைவி தனியாக வந்தார். அதிகம் பேசாத பெண்மணி. பதினைந்து வருஷம் டெல்லியில் இருந்தும் அவருடைய ஹிந்தி காய்கறி வண்டியைத் தாண்டவில்லை. நெருக்கடியான நேரம், ஜன்னலில் இருபது பேர் நிற்கிறார்கள்.

“சிஸ்டர், அவுக வியாழன் வெள்ளி ஆனா கட்டில்ல படுக்க மாட்டேங்காக. நாக்காலியில உக்காந்துதான் தூங்குதாக. கால அமுக்கிப் பாத்தேன், சப்பாத்தி மாவுல வெரல வச்ச மாதிரி குழியா நிக்கி.”

நான் நோட்டைப் புரட்டி அவரிடம் காட்டினேன். எட்டு வாரம், எட்டு எடை, எல்லாம் ஒரே சீர். “மூணு நாளைக்கு முன்னாடிதானே பார்த்தேன், நல்லா இருக்கார். நீங்க கவலைப்பட்டுக் கவலைப்பட்டு அவரையும் பயமுறுத்தாதீங்க” என்றேன். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி சிஸ்டர், நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை எனக்குச் சாயங்கால டியூட்டி. ஆறு மணி இருக்கும். டிஸ்பென்ஸரி வாசலில் ஒரு சார்ட்டட் பஸ் வந்து நின்றது. ஆபீஸ்காரர்கள் சேர்ந்து மாதக் கணக்கில் பேசி வைத்துக்கொள்ளும் பஸ் அது, காலையில் இட்டுப்போய் மாலையில் கொண்டுவந்து விடும். இடையில் எதற்கும் நிற்காது. அந்த பஸ் தன் வழியை விட்டுவிட்டு அத்தனை ஜனங்களோடும் எங்கள் வாசலுக்கு வந்திருந்தது. நாலு பேர் எஸ்.ஓ. சாரை நாற்காலி மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு நீலம் பாரித்துவிட்டது. வாயோரம் இளஞ்சிவப்பில் நுரை. பேச முடியவில்லை. பக்கத்து குவார்ட்டர்ஸிலிருந்த மேடத்துக்கு ஆள் அனுப்பினேன்.

படுக்கவைக்கப் போனவர்களைத் தடுத்து, கட்டிலில் நிமிர்த்தி உட்காரவைத்துக் காலைத் தொங்கவிட்டேன். ஆக்ஸிஜன் வைத்தேன். மேடம் செருப்பைக்கூட மாற்றாமல் ஓடிவந்து, நரம்பில் நீர் இறக்கும் ஊசியைப் போட்டார். அதே மருந்துதான், மாத்திரைக்குப் பதில் ஊசி. இருபது நிமிஷத்துக்குள் நீர் பிரிய ஆரம்பித்தது. பாட்டில் பாட்டிலாகப் போயிற்று. முகத்தில் நீலம் மாறியது. அரைமணியில், “வெளியில லேடீஸெல்லாம் போயாச்சா?” என்று கேட்டார். மூச்சு திரும்பிய மனிதர் கேட்ட முதல் கேள்வி அது. அப்போது எனக்கு அதன் பொருள் புரியவில்லை.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது மேடம் ஒன்று சொன்னார். தினம் இரண்டு மாத்திரை சாப்பிட்டும் கேட்காத உடம்பு, ஒரே ஊசிக்கு இப்படி இறங்குமா? நான் டிஸ்பென்ஸரி கார்டை எடுப்பதற்காக அவருடைய தோல் பையைத் திறந்தேன். டிபன் டப்பாவுக்கு அடியில் சர்க்கார் பழுப்பு உறைகள் ஏழெட்டு, ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அச்சடித்தாற்போன்ற கையெழுத்தில் வாரத் தேதியும் ‘நிலுவை’ என்ற சொல்லும். உள்ளே நீர் மாத்திரைகள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தேன். மனைவி பக்கத்தில் கின்னூ ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். நீர் மாத்திரையால் உடம்பில் குறையும் சத்துக்குப் பழம் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கோபம். ஏன் சார் பொய் சொன்னீங்க என்று உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டேன்.

“பொய் சொல்லலையே சிஸ்டர்” என்றார் அவர், மெதுவாக, ஒரு ஃபைலுக்குப் பதில் எழுதுகிற நிதானத்தில். “நேத்து மாத்திரை சாப்பிட்டீங்களான்னு திங்கக்கிழமை கேட்டீங்க. நேத்து ஞாயித்துக்கிழமை. சாப்பிட்டேன்.”

மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் வாரம், குடியரசு தின ஒத்திகைக்காகப் பாதையை அடைத்துவிட்டார்கள். பஸ் ஒன்றரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்றது. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார். பன்னிரண்டு பெண்கள் வருகிற பஸ். அவரிடம் டைப் அடிக்கிற பெண்ணும் அதில் ஒருத்தி. அன்றைக்கு நடந்ததை அவர் சொல்லவில்லை. செய்தித்தாளை இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வீடு திரும்பினார் என்றும், சாயங்காலம்வரை யாரோடும் பேசவில்லை என்றும் மனைவிதான் பிற்பாடு என்னிடம் சொன்னார். மறுநாள் அவர் உட்கார்ந்து யோசித்து, தனக்குத்தானே ஓர் ஆபீஸ் உத்தரவு போட்டுக்கொண்டார். சின்ன மாத்திரை வேலை நாளில். அது மேடமே சொன்னது. அப்படியானால் நீர் மாத்திரை விடுமுறை நாளில். விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை கூடுதலாகப் போட்டு முடிந்தவரை பாக்கியைத் தீர்ப்பது. தீராதது நிலுவை. வீட்டில் வைத்தால் மனைவி பார்த்துவிடுவார் என்று அவற்றை ஆபீஸ் பையிலேயே வைத்துக்கொண்டார். ஃபைல் தேங்கினால் ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போய்த் தீர்த்துப் பழகிய மனிதருக்கு, இதில் ஒரு பிசகும் தெரியவில்லை.

அப்போதுதான் என் நோட்டு எனக்குப் புரிந்தது. சனி ஞாயிறு மாத்திரையைக் கொட்டி உடம்பை வற்றவைத்துவிட்டு, அதன் மறுநாள் காலையில் வந்து மேடையில் நிற்பார். வாரத்தின் ஏழு நாளில் அவர் நன்றாக இருக்கும் ஒரே நாளைப் பொறுக்கி எடுத்து, எட்டு வாரம் டிக் போட்டிருக்கிறேன். கால் பிடித்தது அளவுக்கு மீறி வற்றியதால். அசதி, உடம்பு நீரில் மூழ்கியதால். மூழ்குகிற நாளைப் பார்த்தவர் ஒருவர்தான். அவர் வந்து சொன்னபோது நோட்டைக் காட்டி அனுப்பிவிட்டேன். அந்த அம்மாளிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் சுளையைக் கணவரிடம் நீட்டியபடி, “நீங்க பெரிய நோட்டு காட்டுனீக, நான் கண்ணால கண்டதையே சந்தேகப்பட்டுட்டேன்” என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தீர்வு வெகு சுலபமாக இருந்ததுதான் இன்னும் எரிச்சல். மேடத்திடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டால் போச்சு என்றார். ஆறு மணிக்கு மாத்திரை, படுக்கப்போவதற்குள் எல்லாம் அடங்கிவிடும். காலையில் என்று எழுதியது வழக்கத்துக்காகத்தான். மாத்திரைக்குக் கடிகாரம் தெரியாது. பஸ்ஸைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை, அதற்கு ஓர் உயிர் போய்த் திரும்பியிருக்கிறது. நானும் என் சட்டத்தை மாற்றினேன். திங்கள் வரிசையைக் கலைத்து, ஆளுக்கொரு கிழமை, அதுவும் மாற்றி மாற்றி. “சாப்பிட்டீங்களா” என்று கேட்பதை நிறுத்திவிட்டு, காலையில் எழுந்ததிலிருந்து உங்கள் பொழுது எப்படிப் போகிறது, சொல்லுங்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். எஸ்.ஓ. சாரைப் பொறுத்தவரை முழு அதிகாரத்தையும் அவர் மனைவியிடம் கொடுத்தேன். தினமும் அவர் காலை அமுக்கிப் பார்த்து நாள்காட்டித் தாளில் குறிக்க வேண்டும். குழி நின்றால் வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே வரலாம். இரண்டரை வருஷத்தில் மூன்று தடவை அப்படி வந்தார். மூன்று தடவையும் அவர் சொன்னது சரி. ஒரு நாள்கூட எஸ்.ஓ. சாரை மறுபடி தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கவில்லை.

இப்போது காலம் எவ்வளவோ மாறிவிட்டது. இதயம் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று திரையில் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்து நோயின் கடுமையை அளக்கிறார்கள். அப்போது எங்களிடம் இல்லாத மாத்திரைகள் இன்று நாலு வகை இருக்கின்றன. அவற்றால் ஜனங்கள் நீண்ட நாள் நல்லபடியாக வாழ்கிறார்கள். அந்தக் காலம்தான் நல்ல காலம் என்று பேச எனக்கு வாய் வராது. இந்த மருந்துகள் அன்று இருந்திருந்தால் நான் துணி போர்த்தி அனுப்பிய எத்தனையோ பேர் நடந்து போயிருப்பார்கள். ஆனால் மாத்திரையை விழுங்க வேண்டிய ஆள் இன்றைக்கும் ஏதோ ஒரு பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருக்கிறார். அது திரையில் தெரியாது.

தன் நாற்காலியில் கடைசி நாள்வரை உட்கார்ந்து, மாலை போட்டுக்கொண்டு, எஸ்.ஓ. சார் ஓய்வு பெற்றார். அடுத்த மாதம் பாளையங்கோட்டைக்கே குடிபோகிறார்கள் என்று தெரிந்து, வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். மத்தியான ரயில். சுராய் என்கிற மண்கூஜா நிறையத் தண்ணீர் எடுத்து வைத்திருந்தார் அவர் மனைவி. சீட்டைத் தேடிப் போனால் கக்கூஸ் கதவுக்கு ஒட்டினாற்போல் இருந்தது. ஆளாளுக்கு வேண்டாம் என்று ஓடுகிற சீட்டு. இரண்டு ராத்திரி இந்த நாற்றத்திலா போவீர்கள், டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லி மாற்றித் தருகிறேன் என்று நான் கிளம்பினேன்.

“மாத்திராதீங்க சிஸ்டர்” என்று அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அதுவரை அவர் என் கையைத் தொட்டதில்லை. “எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கின சீட்டு.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டார். “ஒரு மாசமா இதே பேச்சுதான் சிஸ்டர். ரிசர்வேஷன் கிளார்க் இவுகளப் பைத்தியம்னு நெனச்சிருப்பான்.”

எஸ்.ஓ. சார் அதைக் காதில் வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். மணி ஒன்றரைகூட ஆகவில்லை. பெட்டி நிறைய ஜனங்கள், எதிர் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். “ஆறு மணிவரை காத்திருக்கணுமா சிஸ்டர், இப்பவே போட்டுக்கிடட்டுமா?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் மாத்திரையை வாயில் போட்டு, மனைவி நீட்டிய டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, பட்டப்பகலில், ஒரு ராஜாவைப் போலச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.